லால்சிரா, குலாப்சிரா? இளஞ்சிவப்புத் தலை வாத்தின் பழைய பதிவுகள்

வட பீகாரின் ஏரிக்கரைகளில் 'லால்சிர்' என்றொரு வாத்தைச் சொல்வார்கள். லால் என்றால் சிவப்பு, சிர் என்றால் தலை. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் செங்கொண்டை வாத்துக்கு, அதாவது பறவை பார்ப்பவர்கள் ரெட்-கிரெஸ்டட் போச்சர்ட் என்று சொல்லும் பறவைக்கு, வழங்கும் பெயர் அது. 'குலாப்சிர்' என்றும் ஒரு பெயர் உண்டு: ரோஜா நிறத் தலை. இது, 1935-க்குப் பிறகு யாரும் உறுதியாகப் பார்த்திராத இளஞ்சிவப்புத் தலை வாத்தின் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பறவை நூல்களைப் புரட்டினால், இந்த இரண்டாவது பறவைக்கே இரண்டு பெயர்களையும் சேர்த்து எழுதியிருப்பதைப் பார்க்கலாம். ஒரு துரை வேட்டையிலிருந்து திரும்பி, "இன்று லால்சிர் இரண்டு விழுந்தது" என்று குறித்து வைத்தால், விழுந்தது எந்த வாத்து? தோலோ இறக்கையோ பாடம் செய்து வைக்கப்படாவிட்டால் அந்தக் குறிப்பை எண்ணிக்கையில் சேர்க்கவே கூடாது. இளஞ்சிவப்புத் தலை வாத்தைப் பற்றிய வரலாற்றுப் பதிவுகளில் பாதிச் சிக்கல் இந்த ஒரு பெயரிலேயே இருக்கிறது.

பறவை எப்படியிருக்கும் என்பதை முதலில் சரியாகச் சொல்லிவிடுவோம். இணையத்தில் பல இடங்களில் 'தலை மட்டும் ரோஸ், உடம்பு கறுப்பு' என்று முடித்துவிடுகிறார்கள். ஆண் பறவையின் தலையும் பின்கழுத்தும் ரோஜாச் சிவப்பு. தொண்டையும் முன்கழுத்தும் உடம்போடு சேர்ந்து கரும்பழுப்பு. கழுத்தை முன்னாலிருந்து பார்த்தால் கறுப்பு, பின்னாலிருந்து பார்த்தால் ரோஸ். அலகும் ரோஸ். விலாவில் வெள்ளை கிடையாது, உடம்பு முழுக்க ஒரே கருமை. பெண்ணின் நிறம் மங்கல்: உடம்பு பழுப்பு, தலை வெளிறிய சாம்பல் கலந்த ரோஸ், உச்சியிலிருந்து பிடரி வரை பழுப்பு. கழுத்து நீளம், அதை விறைப்பாக நிமிர்த்திப் பிடித்திருக்கும் பழக்கத்தைப் பழைய குறிப்புகளும் சொல்கின்றன, எஞ்சியிருக்கும் புகைப்படங்களும் காட்டுகின்றன.

பறக்கும்போது பார்க்க வேண்டியது இறக்கையை. மேற்பக்கப் பட்டை வெளிறிய மணல் நிறம், இளஞ்சிவப்புச் சாயலோடு; பளிச்சென்ற வெள்ளை கிடையாது. அடிப்பக்கம் வெளிறிய ரோஸ். கரிய உடம்புக்குக் கீழே வெளிறிய இறக்கை அடித்துக்கொண்டு போவதுதான் இதன் அடையாளம்.

செங்கொண்டை வாத்தின் ஆணுக்கோ தலை ஆரஞ்சு கலந்த செம்பழுப்பு, பஞ்சு போல உப்பியிருக்கும். அலகு பவளச் சிவப்பு. நெஞ்சு கறுப்பு, விலா வெள்ளை. பறந்தால் இறக்கையின் நீளம் முழுக்க அகலமான வெள்ளைப் பட்டை தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் குழந்தைகூடப் பிரித்துச் சொல்லிவிடும். 200 மீட்டர் தொலைவில், எதிர்வெயிலில், நாணலுக்குள் பாதி உடம்பு மறைந்திருக்கும்போது? தலையில் ஏதோ சிவப்பு என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. பிற்காலத்தில் 'கண்டேன்' என்று வந்த அறிவிப்புகளில் எத்தனையோ இப்படித்தான் தேறாமல் போயின.

இந்த நிறம் எங்கிருந்து வருகிறது என்பதும் சுவையான சங்கதி. 2016-இல் வந்த ஓர் ஆய்வு, அருங்காட்சியக இறகுகளைச் சிதைக்காமல், ராமன் நிறமாலை முறையில் (லேசர் ஒளி சிதறும் விதத்தை வைத்து வேதிப்பொருளை அறியும் முறை) சோதித்து, இது கரோட்டினாய்டு நிறமிதான் என்று உறுதி செய்தது. பூநாரைக்கு நிறம் தரும் அதே வகை நிறமி. வாத்துக் குடும்பத்தில் இறகுக்குள் கரோட்டினாய்டு வைத்திருப்பது மிக அபூர்வம். இந்த வகை நிறமி வெளிச்சத்தில் வெளுக்கும் என்பதால், நூறு ஆண்டு கண்ணாடிப் பெட்டிக்குள் நின்ற பறவையைப் பார்த்து 'இவ்வளவு மங்கல்தானா' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பழைய நூல்களின் வண்ணப் படங்களையும் நம்பிவிட முடியாது. கையால் வண்ணம் தீட்டிய காலத்தில் ஒரே நூலின் இரண்டு பிரதிகளில் ரோஸ் இரண்டு விதமாக இருக்கும்.

அறிவியல் பெயரை 1790-இல் ஜான் லேத்தம் வைத்தார்: அனாஸ் காரியோஃபில்லேசியா. கார்னேஷன் பூவின் நிறம் என்று பொருள். அதற்கும் முன்பே கல்கத்தாவில் மேரி இம்பே சீமாட்டி வைத்திருந்த ஓவியர்களுள் ஒருவரான பவானி தாஸ் இந்தப் பறவையை வரைந்திருக்கிறார். 1770களின் பிற்பகுதியில் தொடங்கிய ஓவியத் தொகுப்பு அது. ரோடோனெஸ்ஸா, அதாவது ரோஜா வாத்து, என்ற தனிப் பேரினப் பெயர் 1853-இல் வந்தது. இதைச் செங்கொண்டை வாத்தின் பேரினமான நெட்டாவிலேயே சேர்த்துவிடலாம் என்று சிலர் வாதாடினார்கள். உடலமைப்பில் டைவிங் வாத்துகளோடு, அதாவது நீருக்குள் மூழ்கி இரை தேடும் வாத்துகளோடு, ஒற்றுமைகள் இருப்பதே காரணம். லால்சிரும் குலாப்சிரும் பெயரில் மட்டும் குழம்பவில்லை, உறவிலும் கிட்டத்தில்தான் நிற்கின்றன போல.

இனி இடம். பழைய பதிவுகளை வரைபடத்தில் புள்ளி வைத்தால் ஒரு கொத்து விழும்: கங்கைக்கு வடக்கே, பூர்ணியாவும் தர்பங்காவும் சேர்ந்த பீகார், அதையொட்டிய வங்காளம், கிழக்கே அசாம், மணிப்பூர். வெளியே சிதறிய புள்ளிகள் மேற்கே பஞ்சாப் வரையும், மத்திய இந்தியாவிலும், தெற்கே அன்றைய சென்னை மாகாணத்தின் வடபகுதியிலும் ஒன்றிரண்டு. இந்தச் சிதறல்களை வைத்து 'இந்தியா முழுக்க இருந்தது' என்று எழுதுவது தவறு. ஒருவர் எழுதிய பரவல் எல்லையை அடுத்தவர் அப்படியே எடுத்து எழுதினார், மூன்றாமவர் அதைப் பொதுவுண்மையாக்கிவிட்டார். புது நூலில் ஓர் இடப்பெயரைக் கண்டால் அதற்கு முந்தைய நூலுக்குப் போங்கள், அங்கிருந்து அதற்கும் முந்தையதற்கு. பல சமயம் அந்தச் சங்கிலி ஒரே ஒரு ஆளின் ஒரே ஒரு வரியில் போய் முடியும்.

அந்தக் கொத்து ஏன் பூர்ணியாவிலும் தர்பங்காவிலும் விழுந்தது? நல்ல வாழ்விடம் என்பது ஒரு காரணம். கோசி ஆறு கடந்த இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக மேற்கு நோக்கி நூறு கிலோமீட்டருக்கும் அதிகமாக நகர்ந்திருக்கிறது. அது விட்டுப்போன பழைய வாய்க்கால்களும், தேங்கிய ஜீல்களும் (ஆழமில்லாத ஏரிகள்), அவற்றைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த புல்லும் பூர்ணியாப் பக்கம் நிறைய. இரண்டாவது காரணத்தை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை: அங்கேதான் நீலச் சாயத்துக்காக அவுரி பயிரிட்ட ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் குடியிருந்தார்கள். கையில் துப்பாக்கி, வீட்டில் பறவை நூல்கள், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழுக்குக் கடிதம் எழுதும் பழக்கம், எல்லாம் அவர்களிடம் இருந்தன. கூடுகளைக் கண்டு விவரித்த எஃப். ஏ. ஷில்லிங்ஃபோர்டு பூர்ணியாக்காரர். கடைசிப் பதிவுக்குச் சொந்தக்காரரான சி. எம். இங்கிலிஸ் தர்பங்காவின் பகோனியில் இருந்தவர். பறவை இருந்த இடத்தை இந்த வரைபடம் காட்டுகிறது என்பது சரி. பறவையைப் பார்த்து எழுதத் தெரிந்தவர்கள் இருந்த இடத்தையும் அதே அளவுக்குக் காட்டுகிறது.

1897-இல் ஜெர்மனியிலிருந்து செயற்கை அவுரி சந்தைக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பீகாரின் அவுரித் தொழில் சரிந்தது, துரைமார்கள் வேறு பயிருக்கும் வேறு ஊருக்கும் போனார்கள். இருபதாம் நூற்றாண்டில் பதிவுகள் குறைவதைப் படிக்கும்போது இதையும் கணக்கில் வைக்க வேண்டும். பறவை குறையவே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். புல்வெளிகள் வயலாக மாறியது உண்மை, வேட்டையும் முட்டை சேகரிப்பும் உண்மை. ஆனால் சரிவின் வேகத்தைப் பதிவுகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து அளந்தால் அளவு தப்பும்.

அது என்றைக்குமே அபூர்வப் பறவை என்பதும் நினைவில் இருக்கட்டும். 1879 முதல் 1881 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்த ஹியூம், மார்ஷல் இருவரின் வேட்டைப் பறவை நூலின் காலத்திலேயே இது தேடிப் பிடிக்க வேண்டிய பறவை. வங்காளத்தில் நீண்ட காலம் அதிகாரியாக இருந்த எஃப். பி. சிம்சன் 1884-இல் ஐபிஸ் என்ற ஆங்கிலப் பறவையியல் இதழில் இதைப் பற்றி எழுதிய குறிப்பிலும் அதே தொனி. பொதுவாக இணையாகவோ ஆறேழு பறவைகள் கொண்ட சிறு கூட்டமாகவோதான் தென்படும். குளிர்காலத்தில் மட்டும் எப்போதாவது முப்பது நாற்பது சேர்ந்திருக்கும். திறந்த நீரில் ஆயிரக்கணக்கில் இறங்கும் வாத்துக் கூட்டங்களில் இதைத் தேடுவது வீண். புல் சூழ்ந்த, மரநிழல் விழும், ஆள் நடமாட்டமற்ற குட்டைகள்தான் இதன் இடம்.

கல்கத்தாச் சந்தை தனியொரு தலைவலி. பிடிகாரர்கள் கொண்டுவந்த பறவைகளைச் சந்தையில் வாங்கிப் பாடம் செய்தவர்கள், சீட்டில் 'கல்கத்தா' என்று எழுதினார்கள். பறவை பிடிபட்டது எந்தக் குட்டையில் என்பது விற்றவனுக்கு மட்டுமே தெரியும். இன்று உலக அருங்காட்சியகங்களில் மொத்தம் ஏறக்குறைய 80 மாதிரிகளே இருக்கின்றன. அவற்றில் சந்தைச் சீட்டு உள்ளவற்றைப் பரவல் வரைபடத்தில் சேர்க்காமல், உடலமைப்பு அளவுகளுக்கு மட்டும் பயன்படுத்துவதே நேர்மை.

கூடு பற்றி நமக்குத் தெரிந்தது ஷில்லிங்ஃபோர்டு சொன்னதுதான். உயர்ந்த புல் தூரின் நடுவில், நன்றாக மறைந்து, காய்ந்த புல்லும் சில இறகுகளும் கொண்டு கட்டிய வட்டமான கூடு. குறுக்களவு சுமார் 9 அங்குலம், ஆழம் 4 முதல் 5 அங்குலம், சுவர்த் தடிமன் 3 முதல் 4 அங்குலம். தண்ணீரிலிருந்து தூரம் பெரும்பாலும் 500 கஜத்துக்குள். 500 கஜம் என்பது ஏறக்குறைய 450 மீட்டர். இன்றைய நில அளவையில் வைத்துப் பார்த்தால் அதன் அருமை புரியும். ஏரியின் நீர்ப்பரப்பை மட்டும் காப்பாற்றிவிட்டு, கரையைச் சுற்றி அரை கிலோமீட்டர் புல்லை உழுதுவிட்டால் இந்தப் பறவைக்குக் கூடு வைக்க இடமில்லை.

ஏப்ரலில் கூட்டம் கலைந்து இணை சேர்ந்து, மே மாதம் கூடு கட்டி, ஜூன், ஜூலையில் முட்டை. ஐந்திலிருந்து பத்து வரை. முட்டைதான் வினோதம்: ஏறக்குறைய உருண்டை. நீளம் 43 முதல் 46 மில்லிமீட்டர், அகலம் 41 முதல் 43. சாதாரண வாத்து முட்டையின் நீள்வட்டத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பெரிய எலுமிச்சை மாதிரி இருக்கும். இவ்வளவு உருண்டையான முட்டை வேறெந்த வாத்திடமும் இல்லை என்பதே சிலருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. கூட்டின் மேல் பறவையைப் பார்த்துத்தான் எடுத்தார்களா, கொண்டுவந்த ஆள் சொன்னதை நம்பினார்களா என்ற கேள்வி முட்டைப் பதிவுகளில் எப்போதும் கேட்க வேண்டிய கேள்விதான்.

கூண்டுப் பதிவுகள் இதைவிடத் தெளிவு. லண்டன் விலங்குக் காட்சிசாலைக்கு 1874-இல் பறவைகள் வந்தன. 1920களில் கல்கத்தாவிலிருந்து இங்கிலாந்தின் சர்ரேயில் ஆல்ஃபிரட் எஸ்ராவின் ஃபாக்ஸ்வாரன் பூங்காவுக்கும், பிரான்ஸில் ழான் டெலகூரின் கிளேர் தோட்டத்துக்கும் சென்றன. டேவிட் செத்-ஸ்மித் 1925 வாக்கில் எடுத்த படங்கள் உட்பட, நம்மிடம் இருக்கும் உயிருள்ள பறவையின் புகைப்படங்கள் எல்லாம் அங்கே எடுத்தவை. காட்டில் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. வாத்து வளர்ப்பில் அன்று டெலகூரையும் எஸ்ராவையும் மிஞ்ச ஆளில்லை, ஆனாலும் அவர்கள் கையிலும் இது குஞ்சு பொரிக்கவில்லை. ஷில்லிங்ஃபோர்டு சொன்ன புல்லையும் மழைக்கால வெள்ளத்தையும் நினைத்தால், புல்வெட்டிய தோட்டத்துக் குளம் அதற்குப் போதவில்லை என்று ஊகிக்கலாம், ஊகம்தான்.

இப்போது கடைசிப் பதிவு. இங்கிலிஸ், தர்பங்கா, 1935 ஜூன். இந்த ஜூன் என்ற சொல்லைத்தான் கவனிக்க வேண்டும். செங்கொண்டை வாத்து குளிர்கால விருந்தாளி. ஜூனில் பீகாரில் அது இருக்க வேலையே இல்லை. பார்த்தவர் இந்தப் பறவையை ஏற்கெனவே அறிந்தவர், வட்டாரப் பறவைகளைப் பற்றி பம்பாய்க் கழகத்தின் இதழிலேயே பல பகுதிகளாகத் தொடர் எழுதியவர். இடம் பழைய கொத்தின் நடுவே. பருவம், ஆள், இடம் மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. அதனால்தான் இத்தனை ஆண்டுகளாகியும் யாரும் இதை அசைக்கவில்லை.

இதற்கு நேர்மாறாக, 1940களிலும் அதற்குப் பிறகும் வந்த அறிவிப்புகள் பல டிசம்பர், ஜனவரி மாதங்களைச் சேர்ந்தவை. குளிர்கால வேட்டைப் பருவம், செங்கொண்டை வாத்து ஏரி நிறைய இருக்கும் பருவம். பறவையியலாளர் சலீம் அலி 1960-இல் எல்லாப் பதிவுகளையும் திரட்டி ஒரு கட்டுரை எழுதினார். அதன் பிறகு வந்த ஒவ்வொரு அறிவிப்பையும் அந்தக் கட்டுரையோடு ஒப்பிட்டே படிக்க வேண்டியிருக்கிறது. சட்டம் தன் பங்குக்குத் தாமதமாக வந்தது: 1956-இல் வேட்டைத் தடை, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பெயர். அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களைத் தரம் பிரிக்கும் சர்வதேசச் செம்பட்டியல் இதை இன்னும் 'அழிந்தது' என்று அறிவிக்கவில்லை. 'மிக அருகிய நிலை, அழிந்திருக்கக்கூடும்' என்பதே அதன் வாசகம்.

அந்த 'கூடும்' தொங்கிக்கொண்டிருப்பது மியான்மரில். வடக்கே கச்சின் மாநிலத்தில் ஆள் போகாத புல்வெளிகளும் சதுப்புகளும் எஞ்சியிருந்தன. 2003-இலிருந்து அங்கே முறையான தேடல்கள் நடந்தன. 2004-இல் ஹூக்காங் பள்ளத்தாக்கில் ஒரு சந்தேகப் பறவை தென்பட்டது, ஆனால் படமில்லை, உறுதியில்லை. அந்தப் பக்கத்தில் குழப்பம் தருவது செங்கொண்டை வாத்து மட்டுமல்ல, புள்ளிமூக்கு வாத்தும்தான். அதன் தலை வெளிறியது, உடம்பு கருமை. விடியற்கால வெளிச்சம் பட்டால் அந்த வெளிறிய தலை ரோஸாகத் தெரியும். 2008-இல் வந்த ஆய்வுக் கட்டுரை மியான்மரின் பழைய, புதிய பதிவுகளை ஒன்றுவிடாமல் அலசியது. 2017 அக்டோபரில் இந்தோஜி ஏரியில் இன்னொரு குழு இறங்கியது. மனிதன் போக முடியாத சதுப்புப் புல்லுக்குள் யானைகளை விட்டு வாத்துகளைக் கிளப்பிப் பார்த்தார்கள். பறவை கிடைக்கவில்லை. உள்ளூர் மீனவர் சிலர் சில ஆண்டுகளுக்கு முன்வரை பார்த்ததாகச் சொன்னார்கள்.

மீனவர் பேச்சை எடுத்துக்கொள்வதிலும் ஒரு முறை இருக்கிறது. படத்தைக் காட்டி "இதைப் பார்த்தீர்களா?" என்று கேட்டால் ஆம் என்றுதான் பதில் வரும், விருந்தாளியை ஏமாற்ற யாருக்கும் மனம் வராது. முதலில் அவர்களையே அந்த ஏரியின் வாத்துகளைப் பெயர் சொல்லி வரிசையாகச் சொல்லவிட வேண்டும். ஒவ்வொன்றும் எந்த மாதம் வரும், எந்த மாதம் போகும், தண்ணீரில் கூடுகிறதா புல்லில் பதுங்குகிறதா என்று கேட்க வேண்டும். பிறகு பத்துப் பன்னிரண்டு படங்களைக் கலந்து காட்டலாம். அவற்றில் அந்த நாட்டிலேயே இல்லாத வாத்து ஒன்றிரண்டு இருப்பது அவசியம். அவற்றுக்கும் 'ஆம்' என்பவரின் மற்ற ஆம்களை ஓரமாக வைத்துவிடலாம்.

நம் ஊர் ஏரியில் 'ரோஸ் தலை' ஏதாவது கண்ணில் பட்டால்? செங்கொண்டை வாத்து தமிழ்நாட்டுக்கு அபூர்வமாகத்தான் வரும், அதுவே நல்ல பதிவு. இன்னொன்று கறை. இரும்புச் சத்துள்ள சேற்றில் தலையை முக்கி மேயும் நீர்ப்பறவைகளுக்கு முகமும் தலையும் துருப்பிடித்தது போல் செம்மை ஏறும். அந்தக் கறை ஆரஞ்சுத் துரு நிறத்தில், எல்லை ஒழுங்கில்லாமல், அலகைச் சுற்றி அடர்ந்து இருக்கும். சூரியன் எந்தப் பக்கம், மணி என்ன, பறவை எவ்வளவு தூரம் என்பதை அங்கேயே நின்று எழுதிவிடுங்கள். வீட்டுக்கு வந்து எழுதினால் மனம் நிறத்தைக் கூட்டிவிடும். வெயில் முதுகுக்குப் பின்னால் வருமாறு கரையைச் சுற்றிப் போய் இன்னொரு முறை பாருங்கள். விலாவில் வெள்ளை இருக்கிறதா, முன்கழுத்து என்ன நிறம், அலகு பவளமா ரோஸா. நீந்தும்போது எத்தனை படம் எடுத்தாலும் பறவை எழும்பும்போது கேமராவை இறக்கிவிடாதீர்கள். இறக்கையில் வெள்ளைப் பட்டை இருக்கிறதா இல்லையா என்று தெரிந்தால் போதும், படம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.